பெயர்ப்பலகையின் நிழல்

அவள் யாருக்கும் மீட்டர் காட்டும் எண்ணைத் தன் வாயால் சொல்ல மாட்டாள். மீட்டரின் இரண்டு முனைகளையும் கம்பியில் வைத்துவிட்டு, முகப்பை எதிரில் நிற்பவர் பக்கம் திருப்பிப் பிடிப்பாள். "நீங்களே வாசிங்க," என்பாள். நிற்பது இன்ஜினியரானாலும் சரி, வண்டிக்குத் தண்ணீர் நிரப்ப வந்தவரானாலும் சரி, வாய் திறந்து சத்தமாக வாசித்தே தீர வேண்டும். முதலில் நான் இதைத் திமிர் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பத்தாவது படித்த பொம்பளைக்கு இவ்வளவு ஆகாது என்று டிரைவர் அண்ணனிடம் சொல்லியும் இருக்கிறேன். அப்படிச் சொன்ன என் வாயில்தான் சூடு போட வேண்டும்.

ஒரு நாள் நேராகவே கேட்டேன். ஏன் இப்படி ஆளாளுக்குப் பரீட்சை வைக்கிறாய் என்று.

"நான் சொன்னா, பொம்பளை என்னத்தையோ உளறுதும்பாக சிஸ்டர். அவுக வாயாலயே சொல்லிட்டா, பெறகு இல்லைன்னு சொல்ல முடியாதுல்ல," என்றாள்.

அதை அவள் மெய்யாகவே நம்பிக்கொண்டிருந்தாள். சொன்னதை இல்லை என்று சொல்ல இந்த ஊரில் எத்தனை பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. அந்தப் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

செல்போன் ஊருக்குள் வர ஆரம்பித்திருந்த வருடங்கள் அவை. ஒரு அறக்கட்டளை, ஓடி ஓய்ந்த பஸ் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, அதை ஒரு வீடாக மாற்றியிருந்தது. இரண்டு படுக்கைப் பலகை, ஒரு கேஸ் அடுப்பு, திரைச்சீலை, எனக்கொரு மேஜை, தடுப்பூசி மருந்து வைக்க ஒரு சின்ன ஃபிரிட்ஜ். கூரை மேல் நான்கு சோலார் பேனல்கள். என் படுக்கைக்கு அடியில் பேட்டரிகளும் இன்வெர்ட்டரும். நான் நர்ஸ். வண்டி ஓட்ட ஓர் அண்ணன். கரண்டைப் பார்த்துக்கொள்ள அவள். தொண்டியில் தொடங்கி வாலிநோக்கம் வரைக்கும் கடலோரமாகவே போவோம். ஓர் ஊரில் இரண்டு நாள், மூன்று நாள் நிற்போம். சோறும் அதற்குள்தான், தூக்கமும் அதற்குள்தான்.

எல்லாம் அந்த ஃபிரிட்ஜுக்காகத்தான். உப்பளத்துக் குடிசைகளில் கரண்டு கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டும். யார் போவார்கள்? அதனால்தான் மருந்து அவர்களைத் தேடிப் போனது. அந்த மருந்து இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். சூடு ஏறிவிட்டால் வேலை செய்யாது. பார்த்தால் தெரியாது, நிறம் மாறாது, வாடை வராது. ஊசியும் ஏறும், பிள்ளையும் அழும், அம்மாவும் நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். உள்ளே போனது மட்டும் வெறும் தண்ணீராக இருக்கும்.

வண்டி வந்த மறுநாளே அந்த ஃபிரிட்ஜ் நின்றுபோனது.

பொருத்திக் கொடுத்தவர்களின் இன்ஜினியர் மதுரையிலிருந்து வந்தார். இறங்கினார், மேலே நிமிர்ந்து பார்த்தார், "மேகமூட்டம்மா, பேனல் என்ன செய்யும்?" என்றார். சித்திரை மாதம். வாலிநோக்கம். உப்புப் பாத்தியைப் பார்த்தால் கண் கூசித் தண்ணீர் கொட்டுகிறது. அந்த இடத்தில் நின்றுகொண்டு மேகமூட்டம் என்று சொல்ல ஒரு தனி நெஞ்சழுத்தம் வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பேனலிலிருந்து இறங்கி வரும் கம்பியில் அவள் மீட்டரை வைத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"வாசிங்க சார்."

"இருபது."

"பேட்டரி நெறைய எம்புட்டு சார் வேணும்?"

"பன்னெண்டு வோல்ட் பேட்டரிக்கு இது தாராளம்மா."

"இதையும் வாசிங்க," என்று இன்வெர்ட்டரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தகட்டைக் காட்டினாள்.

அவர் குனிந்து பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "இருபத்து நாலு."

"அதுக்கு எம்புட்டு சார் வேணும்?"

"இருபத்தெட்டு."

"இருபதை வச்சு இருபத்தெட்டை எப்படி சார் நெறப்ப?"

அவ்வளவுதான் விஷயம். அவர் அதுவரை பொருத்திய வண்டிகளில் எல்லாம் பன்னிரண்டு வோல்ட். இந்த வண்டியில் இருபத்து நான்கு. தகட்டை ஒரு தடவை வாசித்திருந்தால் போதும். வாசிக்கவில்லை. நான்கு பேனலின் பிளஸ்ஸையும் ஒரு முடிச்சு, மைனஸையும் ஒரு முடிச்சு என்று பழக்க தோஷத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அப்படிப் போட்டால் நான்கு பேனல் இருந்தும் ஒரு பேனலின் வோல்ட்தான் வரும். அவள் சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையின் கையை மடித்துக்கொண்டு கூரையில் ஏறினாள். எல்லாவற்றையும் அவிழ்த்து, ஒன்றின் பிளஸ்ஸை அடுத்ததின் மைனஸில் கோத்து, இரண்டு இரண்டாக ஜோடி போட்டாள். பிறகு அந்த இரண்டு ஜோடிகளையும் சேர்த்துக் கீழே இறக்கினாள். மறுபடி மீட்டர், மறுபடி "வாசிங்க சார்."

"நாப்பது," என்றார் இன்ஜினியர். வெயிலுக்கு ஒதுங்குவதுபோல நகர்ந்துவிட்டார்.

டிரைவர் அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருக்குத்தான் அவள் சொன்னாள். "நாலு மாட்டையும் நாலு ஒத்தை மாட்டு வண்டியில கட்டுன மாதிரி கட்டியிருந்தாகண்ணே. நம்மளுது ரெட்டை மாட்டு வண்டி. ஜோடி போட்டாத்தான் இழுக்கும். ஆனா ஜோடியில ஒரு தொந்தரவு இருக்கு. ஒண்ணு படுத்துக்கிட்டா மத்ததும் நிக்க வேண்டியதுதான்."

ஒரு வாரம் கழித்து இன்ஜினியரின் அறிக்கை அலுவலகத்துக்கு வந்தது. பயன்படுத்துபவர்கள் தவறுதலாக மாற்றி வைத்திருந்த இணைப்புகளைச் சரிசெய்து கொடுத்ததாக எழுதியிருந்தார். போன் போட்டு நாலு வார்த்தை கேட்கிறேன் என்று கிளம்பினேன். அவள் தடுத்தாள். "ஃபிரிட்ஜ் ஓடுதுல்ல சிஸ்டர். விடுங்க," என்றாள். இப்படிப்பட்டவர்களால்தான் அப்படிப்பட்டவர்கள் பிழைக்கிறார்கள் என்று அன்றைக்கு அவள் மேலேயே கோபப்பட்டேன்.

ஆனால் எல்லாவற்றையும் விட்டுவிடுகிற ஆளும் இல்லை. திருவாடானைக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம் அவளுக்கு. அவள் வீட்டு ஆட்கள் தலைமுறையாக அடுத்தவர் வயலில் வேலை பார்த்தவர்கள். பெண்களுக்கென்று யாரோ நடத்திய சோலார் பயிற்சியில் ஆறு மாதம் இருந்துவிட்டு ஊருக்குப் போனபோது, அவளுடைய அப்பா வேலை பார்த்த பெரிய வீட்டில் இன்வெர்ட்டர் நின்றுபோயிருக்கிறது. ஆள் விட்டுக் கூப்பிட்டிருக்கிறார்கள். கொல்லைப்பக்கமாக வா என்று.

"நான் சொன்னேன் சிஸ்டர், கரண்டு உங்க வீட்டுக்குள்ள முன்வாசல் வழியாத்தான் வருது, மீட்டரு அங்கனதான் இருக்கு, நான் அங்கன இருந்துதான் பாக்கணும்னு."

"முன்வாசலைத் தொறந்தாங்களா?"

"மத்தியானம் வரைக்கும் வேப்பமரத்தடியில உக்காந்திருந்தேன். காத்தாடி ஓடாம அவுகளுக்கு இருக்க முடியல. தொறந்துட்டாக."

இதைச் சொல்லும்போது அவள் முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்ட எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. வெயில் தாங்க முடியாமல் ஒரு கதவைத் திறந்தவர்கள், மனுஷி என்பதற்காகத் திறக்கவில்லையே. அவளுக்கு அது பெரிய விஷயமில்லை. வேலை நடந்ததா இல்லையா, அதுதான் கேள்வி.

விடிந்ததும் முதல் காரியமாக ஈரத்துணியோடு கூரையில் ஏறுவாள். கடற்காற்றில் பேனல் மேல் உப்பு படிந்து மசமசவென்று இருக்கும். துடைத்துவிட்டுத்தான் பல் துலக்குவாள். மீட்டரை ஒரு மஞ்சள் பையில் போட்டுத் தலைமாட்டில் மாட்டியிருப்பாள், தாலிக்கொடியைக்கூட அவ்வளவு பத்திரமாக வைத்ததில்லை. டிரைவர் அண்ணன் கிரிக்கெட் பார்க்க ஒரு சின்ன டிவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவள் பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஏத்தா, ஒரு பத்து ஓவர்," என்று கெஞ்சினார் அவர்.

"ஃபிரிட்ஜுக்குப் போகத்தாண்ணே மத்ததுக்கு. இந்தா, எம்புட்டு மிச்சம் இருக்குன்னு நீங்களே வாசிங்க."

அவர் வாசித்தார். வாசித்துவிட்டு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மீன் வாங்கி வந்து, "இதையாவது உன் மீட்டரு திங்க விடுமா?" என்றார். அவள் சிரித்ததை நான் பார்த்தது குறைவு, அன்றைக்குச் சிரித்தாள்.

இனிமேல்தான் அந்தப் பெயர்ப்பலகை வருகிறது.

அறக்கட்டளைக்குப் பெரும் பணம் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். அவரை நான் பலகைக்காரர் என்றே சொல்கிறேன், அந்த மரியாதை போதும். அவருடைய காலஞ்சென்ற தகப்பனாரின் பெயரும் படமும் போட்டு, இடுப்பு உயரத்துக்கு, வண்டியின் நீளத்துக்கு, ஒரு தகரப் பலகை செய்து அனுப்பினார். அதைக் கூரையின் ஓரத்தில் நிமிர்த்தி நிறுத்தி போல்ட் போட்டார்கள். மாலை போட்டார்கள், சூடம் காட்டினார்கள். அறக்கட்டளை மேனேஜர் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து கைதட்டினார். இன்னொரு உத்தரவும் வந்தது. எந்த ஊரில் நிறுத்தினாலும் பலகை சாலையைப் பார்த்து இருக்க வேண்டும், டிரைவர் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும்.

வாலிநோக்கத்தில் நாங்கள் நிற்கும் இடத்துக்கு மேற்கே சாலை. பலகையும் மேற்கே. உச்சி சாய்ந்ததும் சூரியனும் மேற்கே. விளக்கிச் சொல்ல வேண்டுமா? இரண்டு மணிக்கெல்லாம் தகப்பனாரின் நிழல் மேற்கு வரிசைப் பேனல்கள் இரண்டின் மேலும் விழுந்துவிடும். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று நிழலில் படுத்துக்கொள்ள, இரண்டு ஜோடிகளும் நின்றுபோகும்.

அவள் அதற்கும் ஒரு வழி பார்த்தாள். கம்பியை அவிழ்த்து, நிழல் விழுகிற இரண்டையும் ஒரு ஜோடியாகவும் வெயிலில் இருக்கிற இரண்டையும் ஒரு ஜோடியாகவும் மாற்றிக் கட்டினாள். "படுக்குறது ரெண்டும் ஒண்ணாப் படுக்கட்டும்," என்றாள். பாதி மிஞ்சியது. பாதியை வைத்து ஃபிரிட்ஜ் பகலில் ஓடும், விடியும்வரை தாங்காது. வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொன்னாள். டிரைவர் அண்ணன் ஒரு தடவை திருப்பினார். அன்றைக்கென்று மேனேஜர் அந்த வழியாக வந்து தொலைத்தார். "பெரியவரு உப்பு மேட்டைப் பாத்துக்கிட்டு நிக்கிறதுக்கா அவுக பணம் குடுத்தாக?" என்று நடுரோட்டில் வைத்துக் கத்தினார்.

அவள் மேனேஜரிடம் ஏணியைக் காட்டினாள். "மேல வந்து ஒரு தடவை வாசிச்சிட்டுப் போங்க சார்."

"வேட்டியோடயாம்மா ஏறச் சொல்றே?"

"பலகையைப் பக்கவாட்டுல படுக்கையா அடிச்சிருவோம் சார். அப்பயும் எல்லாருக்கும் தெரியும்."

"பெரியவரு படத்தை இறக்கச் சொல்றியா நீ?" என்று மேனேஜர் கேட்ட தொனியைக் கேட்டால், அவள் என்னவோ சாமி சிலையைப் பெயர்க்கச் சொன்னதுபோல இருந்தது. செத்துப்போன ஒரு மனிதரின் படத்துக்கு இருந்த மதிப்பு உயிரோடு இருக்கிற பிள்ளைகளுக்கு இல்லை. இதை நான் அப்போதே உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். வாய்க்குள் முணுமுணுத்தேன். நர்ஸுகளுக்கு அது நன்றாக வரும்.

வாலிநோக்கத்தில் நடந்த அடுத்த முகாமில் ஒரு காலை, அவள் என்னைக் கூப்பிட்டு ஃபிரிட்ஜைத் திறக்கச் சொன்னாள். உள்ளே தெர்மாமீட்டர் ஒன்று எப்போதும் கிடக்கும். அதை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"வாசிங்க சிஸ்டர்."

"பதினொண்ணு," என்றேன்.

அவள் ஃபிரிட்ஜ் கதவில் தொங்கிய சார்ட்டை ஒரு பார்வை பார்த்தாள். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை தெர்மாமீட்டரைப் பார்த்து நான் அதில் எழுத வேண்டும். அன்றைய கட்டம் காலியாக இருந்தது. அதற்கு முந்தைய நாட்களின் கட்டங்களும் காலியாகவே இருந்தன. சனிக்கிழமை உட்கார்ந்து ஒரே மூச்சில் வாரம் முழுவதற்கும் எழுதிவிடுவது என் வழக்கம். நாலு, நாலு, நாலு என்று வரிசையாக. நான் படித்த இடத்தில் சீனியர்கள் அப்படித்தான் எழுதினார்கள், நானும் எழுதினேன். பாட்டிலைத் தொட்டால் கையில் சில்லென்று பட வேண்டும். அதுதான் என் தெர்மாமீட்டர்.

அன்றைக்கு இருந்த மருந்தை எல்லாம் கொட்டினோம். வந்திருந்த தாய்மார்களிடம் மருந்து வரவில்லை என்று பொய் சொன்னேன். அடுத்த முறை போனபோதும் பன்னிரண்டு இருந்தது. அப்போதும் அதே பொய். உப்பு வாரிக் கைகளெல்லாம் வெடித்துப்போன ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"போன தடவையும் இதைத்தான் சொன்னீக. ரெண்டு நாள் கூலி போச்சு சிஸ்டர். அடுத்த தடவை வந்து கூப்பிட்டா நான் வரமாட்டேன். மத்தவளுகளையும் வரவிட மாட்டேன்," என்றாள்.

அவள் ஈரத்துணியோடு மேலே கூரையில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது முறை. டவுனிலிருந்து ஐஸ் பெட்டியில் புது மருந்து வந்து இறங்கியது. மறுநாள் காலை முகாம். அவள் மேனேஜருக்குப் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை பலகைக்காரர் குடும்பத்தோடு வண்டியைப் பார்க்க வருகிறார், பலகையில் கை வைத்தால் தொலைத்துவிடுவேன் என்றார் மேனேஜர். சரிங்க சார் என்று சொல்லி போனை வைத்தாள். ரம்பத்தை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

துருப்பிடித்த போல்ட்டுகள். உச்சி வெயிலில் ஒவ்வொன்றாக அறுத்தாள். டிரைவர் அண்ணன் கீழே நின்று, "ஏத்தா வேணாம், ஏத்தா வேணாம்," என்று சொல்லிக்கொண்டே பலகையின் மறுமுனையைத் தாங்கிப் பிடித்தார். அவளிடம் கோபம் இருந்ததா என்றால் எனக்குத் தெரியவில்லை. பலகையில் கீறல் விழாமல் இறக்கினாள். தன் போர்வையை எடுத்துச் சுற்றினாள். அவ்வளவு நீளத்துக்கு வண்டிக்குள் வேறு இடம் இல்லாததால், தன் படுக்கைக்கு அடியிலிருந்து நடைபாதை வரைக்கும் நீட்டி வைத்தாள். பிறகு கம்பிகளைச் சரிபார்த்தாள். அன்று பிற்பகல் முழுவதும் நான்கு பேனல்கள் மேலும் வெயில் அடித்தது.

மறுநாள் காலை தெர்மாமீட்டர் ஐந்து காட்டியது. அந்த உப்புக்காரப் பெண் உட்பட எல்லாரும் வந்தார்கள். வாசலில் வரிசை நின்றது. பிள்ளைகள் கத்திய கத்தலில் வண்டியே அதிர்ந்தது. நான் நர்ஸாக இருந்த காலத்தில் மனசாட்சியோடு ஊசி போட்ட நாட்களில் அது ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை பலகைக்காரர் வந்தார். தகப்பனார் படம் பெண்கள் படுக்கிற கட்டிலுக்கு அடியில் கிடப்பதைப் பார்த்தார். அவருடைய வீட்டம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். போர்வை சுற்றி வைத்திருந்ததையோ, பின்னால் வேடிக்கை பார்த்து நின்ற உப்பளத்துப் பிள்ளைகளையோ யாரும் பார்க்கவில்லை. "பொம்பளைக படுக்குற எடத்துலயா?" என்று அந்த ஆள் திரும்பத் திரும்பக் கேட்டார். ஏன் ஐயா, உங்கள் தகப்பனார் வேறு எங்கே பிறந்தார் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. துடித்ததோடு சரி.

ராமநாதபுரம் அலுவலகத்தில் விசாரணை. மின்விசிறிக்கு அடியில் மேனேஜர், எதிரில் அவள், ஓரமாக நானும் டிரைவர் அண்ணனும். இரண்டு முகாமில் ஃபிரிட்ஜ் பதினொன்று, பன்னிரண்டு என்று சூடேறியது, அதனால்தான் பலகையை இறக்கினேன் என்று அவள் சொன்னாள். வேறு எதையும் சொல்லவில்லை.

மேனேஜர் மேஜை இழுப்பறையிலிருந்து சார்ட்டுகளை எடுத்தார். முதல் நாளிலிருந்து எல்லாம் இருந்தன. அவற்றை அவள் பக்கம் தள்ளினார்.

"நீ எல்லாரையும் வாசிக்கச் சொல்லுவியாமே. இப்ப நீ வாசிம்மா."

அவள் குனிந்தாள். "நாலு," என்றாள்.

"அடுத்தது?"

"நாலு."

"அதுக்கடுத்தது?"

"நாலு."

"பதினொண்ணு எங்கன இருக்கு? பன்னெண்டு எங்கன இருக்கு? ஒரு நாளாவது இருக்கா?" என்று கேட்டுவிட்டு மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், இது உங்க கையெழுத்துதான?"

"ஆமா சார்," என்றேன்.

அந்த அறையில் நான் பேசியது அவ்வளவுதான். பதினொன்று என்று என் வாயால்தான் வாசித்திருந்தேன். பன்னிரண்டும் நான்தான் வாசித்தேன். கொட்டியதும் நான்தான். அதைச் சொன்னால் சார்ட் பொய் என்று ஆகிவிடும், என் சர்டிபிகேட் போய்விடும், தங்கச்சி கல்யாணம் நின்றுவிடும். இன்ஜினியரையும் மேனேஜரையும் பலகைக்காரரையும் இத்தனை நேரம் திட்டினேனே, அவர்களில் யாரும் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. என் கையெழுத்துதான் அனுப்பியது. டிரைவர் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் அதற்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசியதே இல்லை.

ஒழுங்கீனம், உடைமைச் சேதம் என்று எழுதி அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். பலகையை மறுபடி ஏற்றி, இந்த முறை வெல்டிங் வைத்தார்கள். நான் அன்று முதல் தெர்மாமீட்டரைப் பார்த்துத்தான் எழுதினேன். ஒன்பது என்றால் ஒன்பது, பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு. மேனேஜர் ஒரு நாளும் அதை வாசிக்கவில்லை.

அவளை அனுப்பிய அன்றைக்கே அவளைத் தேடி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். திருவாடானை பஸ் நின்றுகொண்டிருந்தது. படிக்குப் பக்கத்தில் மஞ்சள் பையோடு நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா, வேலை போய்விடும் என்று பயந்துவிட்டேன், என்னை மன்னித்துவிடு என்று ஏதேதோ சொன்னேன்.

"வேலை கெடக்குது விடுங்க சிஸ்டர்," என்றாள். திட்டவில்லை. முகத்தில் வேறு ஏதோ யோசனை. "பலகை வச்சதுல இருந்து, நான் ஃபிரிட்ஜைத் தொறக்கச் சொன்ன நாள் வரைக்கும் நீங்க ஊசி போட்டுக்கிட்டுத்தான இருந்தீக?"

அந்தக் கணக்கை நான் அதுவரை போட்டுப் பார்த்ததே இல்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.

"எந்தப் புள்ளைக்கு என்னைக்குப் போட்டீகங்கிறது கார்டுல இருக்கும். அன்னைக்கு ஃபிரிட்ஜு எம்புட்டு சூடு இருந்துச்சுங்கிறது சார்ட்டுலதான் இருக்கணும். அதுல எந்த நாலு நெசம் சிஸ்டர்? அதை மட்டும் சொல்லுங்க. மத்த நாள்ல போட்ட புள்ளைகளைத் தேடிப் புடிச்சு, திரும்பப் போடச் சொல்லிருவோம்."

எனக்குத் தெரியவில்லை. ஒரு நாலுகூடத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்தார். அவள் படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பஸ், ஸ்டாண்டு வாசலில் திரும்பும்வரை உள்ளே போகாமல், நான் ஏதாவது ஒரு தேதியைச் சொல்லிவிடுவேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டு போனாள்.